ஒரு லைன் பாக்கி

ராத்திரி பத்தரை மணி. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து தொழிற்பேட்டைக்குப் போகிற ரோடு. ஷிப்ட் பஸ் போய்விட்டால் அந்த ரோட்டில் நாய்கூட நிற்காது... கெமிக்கல் கம்பெனிப் பக்கமிருந்து அழுகின முட்டை நாற்றம். எங்கேயோ ஒரு ஷெட்டில் இரும்புக் கம்பி விழுகிற ‘ணங்’. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்காது.

அந்த ரோட்டில் லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தான் நியாஸ். என் சிநேகிதன் சஹாபுதீனின் பெரியம்மா மகன், பழவேற்காட்டுக்காரன். 2006-ஆம் வருஷம். சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் வெப்சைட் செய்கிற வேலை; நிரந்தரமாகவில்லை. பர்ஹானா என்ற பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் நிக்காஹ் என்று அவளுடைய வாப்பா கறாராகச் சொல்லிவிட்டார். மேனேஜரும் கறார்தான். கும்மிடிப்பூண்டிக் கம்பி ஃபேக்டரியின் வெப்சைட் விடிவதற்குள் திறந்தால் வேலை உனக்கு. திறக்காவிட்டால் ஊருக்குப் போய் இறால் விற்றுக்கொள்.

அந்த ஃபேக்டரியில் ஏசி இருந்தது ஒரே ஒரு அறையில்தான், சர்வருக்கு. உலை முன்னால் நிற்கிற மனுஷனுக்கு ஒரு ஃபேன் கிடையாது. பெட்டிக்கு மட்டும் பனி மாதிரிக் குளிர். நல்ல நியாயம்!

நியாஸ் உட்கார்ந்தான். லேப்டாப்பில் சைட் ஜோராக ஓடுகிறது. சர்வரில் ஏற்றினால்... வெறும் வெள்ளைத் திரை. லேப்டாப்புக்குச் செய்த ஏற்பாடு வேறு, சர்வருக்குச் செய்ய வேண்டியது வேறு. செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து ஒவ்வொரு லைனாக மாற்ற வேண்டும். ஒன்று தப்பினாலும் திறக்காது.

பாதி வேலையில் கதவு படாரென்று திறந்தது. சூப்பர்வைசர் துளசிராமனும் இரண்டு ஆட்களும். தார்ப்பாயில் சுற்றிய ஏதோ ஒன்றைத் தூக்கிவந்து மூலையில் கிடத்தினார்கள். கருகின முடி வாடை அறை முழுக்கப் பரவியது.

“யாரு சார் அது?”

“வரதன். காண்ட்ராக்ட் ஆளு. உலையில வெந்து பூட்டான்பா. ஓனரு வர்ற வரைக்கும் கெட்டுப் போவக் கூடாது, இங்கதான ஏசி கீது. நீ பாட்டுக்கு உன் வேலைய பாத்துக்கினு இரு. வெளிய மூச்சு வுட்டியோ, உன் சைட்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது.”

கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். பூட்டவில்லை. கவனியுங்கள், பூட்டவில்லை.

நியாஸ் மூலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தட்டினான். சர்வர் ஃபேன் ‘ர்ர்ர்’ என்று ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்கு அடியில்... சரக்.

விரல் நின்றது.

“தம்பி... தண்ணி...”

மேஜையில்தான் இருந்தது பாட்டில். எழுந்தால் நான்கு எட்டு. ஆனால் எழுந்தால் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று வெளியே சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் வரும், போலீஸ் வரும், அறையைப் பூட்டுவார்கள். விடிந்தால் வெள்ளைத் திரை. பாவி, கணக்குப் போட்டான். மனுஷன் உயிர் போகிற இடத்தில் உட்கார்ந்து நிக்காஹை நினைத்தான்.

“தண்ணி குடுப்பா...”

திரும்பிப் பார்க்காமலே சொன்னான். “இருங்கண்ணே. ஒரு லைன்தான் பாக்கி. முடிச்சிட்டு வரேன்.”

பிறகு, ரொம்பப் பொறுமையாக...

“சரி. முடிச்சிட்டு வா.”

அந்தப் பொறுமைதான் அவனைப் பயமுறுத்தியது. கடைசி லைனை மாற்றினான். இனி ஒரு கீயைத் தட்டினால் சைட் திறந்துவிடும். விரலை அதன்மேல் வைத்தான்.

பின்னால் தார்ப்பாய் சரசரவென்று விலகியது. படுத்திருந்த ஆள் எழுந்து உட்காருகிற சத்தம். கழுத்துக்குப் பின்னால் கருகின வாடை.

“முடிஞ்சிதா?”

நியாஸ் தட்டவில்லை. தட்டவும் முடியாமல், விரலை எடுக்கவும் முடியாமல், விடிகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

காலையில் துளசிராமன் வந்தபோது தார்ப்பாய் சுற்றினபடியே கிடந்தது. நடந்ததை நியாஸ் உளறிக் கொட்டினான். துளசிராமனின் முகம் மாறியது. “இன்னா பேசற நீ? அவன் சாயங்காலமே செத்துட்டான். கண்ண மூடினதே நான்தான்.” பொய்யோ நிஜமோ, யார் கண்டது? ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஊரில் வரதனுடைய பெண்டாட்டியிடம் வலிப்பு வந்து உலையில் விழுந்து செத்ததாகச் சொல்லிப் பிணத்தைக் கொடுத்தார்கள். உயிரோடு இருந்தவனைத் தவிக்க விட்டானா, செத்தவனுக்கு வாக்குக் கொடுத்தானா... நியாஸுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

வேலை போயிற்று. பர்ஹானாவை வேறு இடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் இதே கதைதான். எல்லாம் அழகாகச் செய்வான், கடைசி லைன் வந்தால் விட்டுவிடுவான். அவன் முதுகுக்குப் பின்னால் தார்ப்பாய் சரசரப்பது மற்றவர்களுக்குக் கேட்கவில்லையே! மூளைக்காரன், ஆனால் சோம்பேறி என்றார்கள். துரத்தினார்கள்.

கடைசியாக அம்பத்தூரில் ஒரு கம்பெனி. கூட வேலை பார்த்த அன்புசெல்வன் தங்கமான பையன். பெருநாளுக்கு நியாஸ் ஊருக்குப் போயிருந்தபோது, திட்டு வாங்கப் போகிறானே என்று இவனே உட்கார்ந்து நியாஸ் விட்டுவைத்த கடைசி லைனை மாற்றினான். சந்தோஷமாக போன் போட்டான்.

“நியாஸு, சைட்டு ஓடுதுபா! நானே முடிச்சிட்டேன்!”

பழவேற்காட்டு வீட்டில் நியாஸின் கையிலிருந்து போன் விழுந்தது. அவன் உம்மா மெஹர்னிசா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். மகன் தரையில் கிடக்கிறான். உதடு வெடித்து, நாக்கு உலர்ந்த கருவாடாகி... “உம்மா... தண்ணி...”

“இதோ வாப்பா, இதோ!”

குடத்தைச் சாய்த்தார். சாயங்காலம்தான் நிரப்பியது. காலி. டிரம்மைத் திறந்தார். காலி. பக்கத்து வீட்டு இர்பானா சொம்பு நிறையக் கொண்டு வந்தாள். வாசலில் தளும்பியது, அவள் கையெல்லாம் நனைந்தது. உம்மா வாங்கி மகன் வாயில் சாய்த்தார்.

ஒரு சொட்டு விழவில்லை.

மறுபடி ஓடினாள், மறுபடி நிறைத்து வந்தாள். மறுபடி சாய்த்தார்கள். அவன் வாய் திறந்தபடியே இருந்தது, தொண்டை அசையவில்லை. ஆனால் அவன் தலைமாட்டில், யாருமே இல்லாத இடத்தில், அவசரமே இல்லாமல் யாரோ விழுங்குகிற சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது.

மடக்... மடக்... மடக்...