கார்னெட் தெரு 22ஆம் எண் வீட்டு வாசலில் நின்ற குப்பைத்தொட்டி குறித்து

பெயர் தெல்மா ஹோல்டன். வயது 71. கணவர் பெயர் நார்மன் ஹோல்டன், வயது 76, பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் தொடக்கப்பள்ளிச் சமையலறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். விலாசம் 22, கார்னெட் தெரு, ஹாஸ்லிங்வுட், லங்காஷயர். மேற்படி விலாசத்தில் நாற்பத்து நான்கு வருடமாகக் குடியிருந்து வருகிறேன். இதற்கு முன் என் மேல் எந்த வழக்கும் கிடையாது, நூலகப் புத்தகத்தைக்கூடத் தாமதமாகத் திருப்பியது கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது.

என் கணவர் ஒன்பது வாரமாக மருத்துவமனையில் இருந்தார். நுரையீரல். போன திங்கட்கிழமை டாக்டரம்மா என்னைத் தனியாக உட்காரவைத்து, இனி வாரக் கணக்கில்தான் பேச முடியும், மாதக் கணக்கில் இல்லை என்று சொன்னார். எங்கே இருக்க விரும்புகிறார் என்று என் கணவரிடம் கேட்டார்கள். அவர், "இதென்ன கேள்வி, வீட்லதான்" என்றார். அதன் பிறகு ஏற்பாடு நடந்தது. எங்கள் வீட்டு மாடிப்படி குறுகல், அவரால் ஏற முடியாது, அதனால் கீழே தெருப்பக்கம் இருக்கும் முன்னறையைக் காலி செய்தால், தலைமாட்டை உயர்த்தித் தாழ்த்தும் மருத்துவமனைக் கட்டில் ஒன்றை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொண்டுவந்து போடுவார்கள், அன்று மதியமே அவரை ஆம்புலன்சில் கொண்டுவந்து விடுவார்கள் என்று முடிவானது. அந்தக் கட்டில் இல்லாமல் அவரால் படுத்து மூச்சுவிட முடியாது. இதை எழுதிக்கொள்ளவும்.

முன்னறையில் இருந்தவை: மூவர் உட்காரும் சோபா ஒன்று, ஒற்றைச் சோபா இரண்டு, சுவரளவு அலமாரி ஒன்று, தரை முழுக்க ஒட்டிய கம்பளம். கட்டிலின் சக்கரம் கம்பளத்தில் உருளாது என்பதால் அதையும் கிழித்தெடுக்கச் சொன்னார்கள். இதையெல்லாம் போட ஸ்கிப் ஒன்று வாடகைக்கு எடுத்தேன். லாரியில் கொண்டுவந்து தெருவோரம் இறக்கிவைத்துவிட்டுப் போய், நிறைந்த பிறகு சங்கிலி மாட்டித் தூக்கிக்கொண்டு போவார்களே, அந்த மஞ்சள் நிற இரும்புத் தொட்டி. நகராட்சி அனுமதிச் சீட்டும் முறையாக வாங்கினேன். புதன்கிழமை காலை எட்டரைக்கு இறக்கினார்கள். வியாழன் மாலை மூன்று மணிக்கு எடுத்துப் போவதாகப் பேச்சு. மெத்தை போடக்கூடாது, பெயிண்ட் போடக்கூடாது, டயர் போடக்கூடாது, விளிம்புக்கு மேல் குவிக்கக்கூடாது என்று ஒரு தாளும் கொடுத்தார்கள். அதைத் தொட்டியின் பக்கவாட்டில் நானே நாடா போட்டு ஒட்டினேன். படிக்கத் தெரிந்தவர்கள்தான் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்.

அதன் பிறகு கம்பளத்தை ரொட்டிக் கத்தியால் பட்டைபட்டையாக அறுத்துத் தொட்டியில் போட்டேன். பதினொன்றரை மணிக்கு 20ஆம் எண் வீட்டு ஜானிஸ் வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். நார்மனைப் பற்றி விசாரித்தாள். மழையைப் பற்றிப் பேசினாள். பிறகு தொட்டியைத் தட்டிப் பார்த்தாள்.

"தெல்மா, தப்பா நெனைக்காத கண்ணு. ஒரே ஒரு சின்னப் பை இருக்கு, ஓரமா போட்டுக்கட்டுமா?"

இந்த இடத்தில் நான் செய்த தவறை ஒப்புக்கொள்கிறேன். "அதுக்கென்ன, தாராளமா போடு" என்றேன். எங்கள் ஊரில் வேறு பதில் சொல்ல யாருக்கும் தெரியாது. தலையில் கல்லைத் தூக்கி வைத்தாலும் "பரவாயில்ல, கனமே தெரியல" என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அதன் பிறகு பன்னிரண்டு மணி பஸ்ஸில் மருத்துவமனைக்குப் போனேன். ஐந்து மணிவரை கணவருடன் இருந்துவிட்டுத் திரும்பினேன்.

திரும்பி வந்து பார்த்தபோது தொட்டி விளிம்புக்கு மேல் இரண்டடி குவிந்திருந்தது. பட்டப்பகலில், நான் இல்லாத ஐந்தாறு மணி நேரத்தில் நடந்த வேலை. ஜானிஸின் சின்னப் பை நான்கு பெரிய பையாகியிருந்தது. 17ஆம் எண் வீட்டார் குளியலறையைப் புதுப்பிக்கிறார்கள், அவர்களுடைய கழிப்பறைப் பீங்கான், மூடியோடு. 31ஆம் எண் வீட்டு பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம், ஜரிகையைக்கூட அவிழ்க்காமல். 31ஆம் எண் எங்கே இருக்கிறது என்று அதிகாரி போய்ப் பார்க்கலாம். தெருவின் அடுத்த முனை. அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று. எல்லாவற்றுக்கும் மேலே 26ஆம் எண் கிளைவ் பிரதர்ட்டனின் இரட்டை மெத்தையும், அதன் மேல் நான்கு பெயிண்ட் டப்பாவும். விதிகள் எழுதிய தாளை மெத்தை மறைத்துக்கொண்டிருந்தது. மழையும் பெய்துகொண்டிருந்தது.

யாருடைய பொருள் எது என்று எப்படித் தெரியும் என்று கேட்கப்பட்டதற்குச் சொல்வது: நாற்பத்து நான்கு வருடம். அந்த மெத்தை வாங்கி வந்த அன்று வாசல் கதவில் நுழையாமல் கிளைவ் திண்டாடியபோது, மறுமுனையைத் தாங்கிப் பிடித்தவர் என் கணவர்.

ஜானிஸிடம் கேட்டேன். "நீ ஒண்ணும் சொல்லமாட்டேன்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன்" என்றாள், எனக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டவள்போல. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பது இதுதான்.

மறுநாள் வியாழன் காலை ஒன்பது மணிக்குக் கிளைவ் வீட்டுக் கதவைத் தட்டினேன். "கிளைவ், தொட்டி கொஞ்சம் நெறஞ்ச மாதிரி இருக்கு" என்றேன். எங்கள் தெருவில் அதற்கு அர்த்தம், உன் மெத்தையை எடுத்துத் தொலை என்பது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் டீக்கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என் தோளுக்கு மேலாகத் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"ஆமா, நானும் பாத்தேன். இன்னும் கொஞ்சம் பெருசா எடுத்திருக்கலாம் தெல்மா."

அவர் சொன்னது இதுதான். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. நான் என்ன செய்தேன் என்றால், "ஆமா, எடுத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்து கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

ஒரு மணிக்கு என் தங்கை மகன் கீத் சோபாவைத் தூக்கிப்போட வந்தான். நாற்பது வயது, நல்ல பலசாலி. தொட்டியைப் பார்த்ததும், "பெரியம்மா, இதெல்லாத்தையும் எடுத்து அவங்கவங்க வாசல்ல வீசிட்டு வரேன், அரை மணி நேர வேலை" என்றான். நான்தான் தடுத்தேன். அக்கம்பக்கம், நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டாமா, லாரிக்காரர் வரட்டும், அவர் நல்லபடியாகச் சொன்னால் அவர்களாகவே எடுத்துக்கொள்வார்கள் என்றேன். கீத் என்னையே பார்த்தான். "உங்களுக்கெல்லாம் பைத்தியம் பெரியம்மா" என்றான். சோபாவை நடையில் போட்டால் கதவு திறக்காது, நடைபாதையில் போட்டால் நகராட்சி விடாது, பின்பக்கக் கதவு வழியாக அது போகவே போகாது. அதனால் இரண்டு பேரும் அந்தச் சோபாவிலேயே உட்கார்ந்து டீ குடித்தோம்.

மூன்று மணிக்கு லாரி வந்தது. டிரைவர் இறங்கிக்கூட வரவில்லை. கண்ணாடியை இறக்கி, "என்னம்மா இது, தேர் கட்டி வச்சிருக்கீங்க? மேல மெத்த வேற. இத தூக்கிட்டுப் போனா என் லைசென்ஸ் போயிடும். எறக்கி வைங்க, சனிக்கெழம வரேன்" என்றார். என் நிலைமையைச் சொன்னேன். பாவம், அவர் முகம் வாடியது. ஆனால் சட்டம் சட்டம்தான் என்று போய்விட்டார். லாரிச் சத்தம் கேட்டுத் தெருவில் ஒவ்வொரு ஜன்னல் திரையும் விலகியது. ஒரு கதவும் திறக்கவில்லை. கீத்துக்கு நான்கு மணிக்கு வேலை, அவனும் போனான்.

வெள்ளிக்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்குக் கட்டில் வந்தது. கொண்டுவந்த இருவரும் மரியாதையானவர்கள். ஒருவர் டேப் வைத்து அளந்தார்.

"கட்டில் ஏழடிம்மா. இங்க நாம மூணு பேர் நிக்கவே எடம் இல்லையே."

"ஒரு மணி நேரம் பொறுங்க தம்பி. எப்படியாவது பண்ணிடறேன்."

"இன்னும் ஒன்பது வீடு இருக்கும்மா. அங்கயும் ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. படிவத்தில் 'அறை தயாராக இல்லை' என்ற கட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கட்டிலோடு போய்விட்டார்கள். பத்தே முக்காலுக்கு வார்டிலிருந்து நர்ஸ் ஃபோன் செய்தார். அடுத்த கட்டில் மூன்று வாரம் கழித்துத்தான், அதுவரை வார்டில் வைத்திருக்க முடியாது, அவரைப் பன்னிரண்டு மைல் தள்ளி இருக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றுகிறோம் என்றார். டாக்டரம்மா சொன்ன வாரக் கணக்கு எத்தனை வாரம் என்று கேட்டேன். இல்லத்தின் விலாசத்தை எழுதிக்கொள்ளச் சொன்னார் நர்ஸ்.

அதன் பிறகு நான் வெளியே வந்தேன். சமையலறையில் ஏறி நிற்கும் ஸ்டூலைத் தொட்டி ஓரம் போட்டேன். முப்பத்தோரு வருடம் இருநூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு அவித்த அண்டாவைத் தூக்கிய கை இது. ஜானிஸின் நான்கு பைகளை ஜானிஸ் வாசலில் வைத்தேன். கழிப்பறைப் பீங்கானைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய் 17ஆம் எண் வாசலில், மூடியைத் திறந்து, தெருவைப் பார்த்து வைத்தேன். கிறிஸ்துமஸ் மரத்தைத் தெருமுனைவரை தோளில் சுமந்து 31ஆம் எண் கதவில் சாத்தினேன். எங்கேயும் எதையும் உடைக்கவில்லை. யாருக்குச் சொந்தமோ அவரிடம் ஒப்படைத்தேன், அவ்வளவுதான். மெத்தை இரண்டு நாள் மழையில் ஊறி மாடு கனம் கனத்தது. அதைச் சரித்து, தொட்டிக்குப் பின்னால் நின்ற கிளைவின் காரில் சாய்த்துவைத்தேன். மூன்று பெயிண்ட் டப்பாவை அவர் வாசல்படியில் வரிசையாக வைத்தேன்.

நான்காவது டப்பாவின் மூடி தானாகத் திறந்துகொண்டதா என்று கேட்கப்பட்டது. இல்லை. உள்ளே போய்க் கரண்டி எடுத்துவந்து நான்தான் நெம்பித் திறந்தேன். பாதிக்கு மேல் இருந்தது, வெளிர் மஞ்சள். காரின் முன்பக்கம் முழுக்க ஊற்றினேன். கை தவறவில்லை. மூலை விடாமல் ஊற்றினேன்.

அப்போது கிளைவ் வெளியே ஓடிவந்தார். "அடிப்பாவி, என்ன காரியம் பண்ற? ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே எடுத்திருப்பேனே!" என்று கத்தினார்.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால். இதை எழுதிக்கொண்டு அடிக்கோடு போடும்படி கேட்கிறேன். என் கணவருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை அவர் கேட்டாரா? தெரு முழுக்க ஒன்பது வாரமாக என் வாசலைத் தாண்டிப் போகிறவர்கள். அவரைத் திட்டினீர்களா என்று கேட்கப்பட்டதற்குச் சொல்வது: ஆம், திட்டினேன். என்ன வார்த்தை என்பது அவர் கொடுத்த புகாரில் இருக்கிறது. அதில் இரண்டு வார்த்தை விட்டுப்போயிருக்கிறது.

சனிக்கிழமை கீத் வந்து சோபாவையும் அலமாரியையும் தொட்டியில் போட்டான். விளிம்போடு விளிம்பு, கச்சிதமாக. லாரி வந்து எடுத்துக்கொண்டு போனது. முன்னறை இப்போது துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது. எல்லாம் ஒரு நாள் தாமதம். என் கணவரை அதே சனிக்கிழமை மதியம் இல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

நான் மன்னிப்புக் கேட்டால் புகாரை வாபஸ் வாங்கக் கிளைவ் தயார் என்று அதிகாரி தெரிவித்தார். கேட்க மாட்டேன். தன் காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்கிற ஊரில் எழுபத்தோரு வருடம் கேட்டாகிவிட்டது. காரைக் கழுவினால் போய்விடும். அடுத்தவர் தொட்டியை நிரப்புவது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று நான் கேட்டதற்கு, அப்படி எதையும் தேடிப் பார்த்ததில்லை என்றார் அதிகாரி. தேடச் சொல்கிறேன். அவரைக் குறை சொல்லவில்லை, பிஸ்கட் எல்லாம் கொடுத்தார்.

நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார்கள். இதில் உள்ளது எல்லாம் உண்மை, எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் நின்று சொல்வேன். இந்த விவகாரத்தில் நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்று, அது போலீசிடம் சொன்னது அல்ல. நேற்று ஞாயிற்றுக்கிழமை இல்லத்தில் என் கணவர் கண்ணைத் திறந்து, "கட்டில் வந்தாச்சா தெல்மா?" என்று கேட்டார். "வந்தாச்சு, ஜன்னலோரமா போட்டாச்சு, வெள்ள விரிப்பு விரிச்சு வச்சிருக்கேன்" என்றேன்.

(ஒப்பம்) தெல்மா ஹோல்டன்