ஏழாவது பாட்டு

மில்லர்புரத்தில் டவுன் பஸ் ஏறிய இரண்டு இளைஞர்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருவன் கழுத்தில் பெரிய ஹெட்போன் தொங்கியது.

“என் ராப்புக்கு ஜெபமாலை சொல்லிட்டாங்கலே,” என்றான் அவன்.

பார்த்துக்கொண்டிருந்த செல்போனை நான் பைக்குள் வைத்துவிட்டேன்.

“ஆல்பம் ரிலீஸ்னு மாதா கோயில் முன்னால ஸ்கிரீன் கட்டுனியே, அங்கனயா?” என்று கேட்டான் கூட வந்தவன்.

“ஆமாலே. ஏழு பாட்டையும் சேத்து ஒரே படமா எடுத்திருந்தேன்லா. மொத ஆறுக்கு நல்லா விசிலடிச்சானுவ. கடைசிப் பாட்டு அம்மாவுக்கு. அவ பெட்டியக் கல்லறைக்குத் தூக்கிட்டுப் போனத அன்னைக்கே போன்ல எடுத்து வச்சிருந்தேன். அத அதுல போட்டுட்டேன்.”

“ஏலே, பெட்டியக் கண்டா நம்மாளுவ எந்திரிச்சிருவாங்களே!”

“எந்திரிச்சாங்க. சேரு நகந்த சத்தத்துலயே மொத ரெண்டு வரி போச்சு. பொறவு எங்க சித்தி ஜெபமாலைய ஆரம்பிச்சா. மொத்தக் கூட்டமும் கூடச் சொல்லுது.”

“உன் பாட்டு?”

“அது ஓடிட்டுதான் இருந்துச்சு. அம்மா இருக்கும்போது அவகிட்ட சொல்லாததெல்லாம் அதுலதாம்லே எழுதியிருந்தேன். ஒருத்தரும் கேக்கல.”

கண்டக்டர் வந்து டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

“சவுண்டக் கூட்டிருக்கலாம்லாலே.”

“கூட்டத்தான் எந்திரிச்சுப் போனேன்.” ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். “அவளுக்கு அந்த ஜெபந்தானலே தெரியும். கொறச்சிட்டேன்.”