கிடார்த் தலையில் என் பெயர்

மரத்தைத் தேய்க்கும்போது அவசரப்படக் கூடாது, சார். முதலில் சொரசொரப்பான உப்புத்தாள், அப்புறம் கொஞ்சம் நைஸானது, கடைசியில் வெறும் காகிதம் போலவே இருக்கிற மெல்லியது. நடுவில் ஒன்றை விட்டுவிட்டால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. எண்ணெய் பூசியதும் கீறல் எல்லாம் பல்லைக் காட்டும். நிறைய பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். லென்ஸ் ஃபிரேமுக்குள் உட்கார வேண்டும், ஆடக் கூடாது, இறுகி விரிசலும் விடக் கூடாது. என் கை நடுங்காது. பெருமைக்குச் சொல்லவில்லை. ஏதோ ஆத்திரத்தில் கை தவறி நடந்துவிட்டது என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

மேஜை மேல் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதுதான் கிடாரின் தலை. கம்பிகளை முறுக்கும் சாவிகள் அதில்தான் உட்காரும். நாமே பூட்டிக்கொள்கிற எலெக்ட்ரிக் கிடார் ஒரு அட்டைப்பெட்டியில் வரும். உடம்பு, கழுத்து, ஒயர், திருகு எல்லாம் தயாராக இருக்கும். கழுத்தின் நுனியில் இருக்கும் தலை மட்டும் வெட்டாத பலகையாக, துடுப்பு மாதிரி வரும். அதை எப்படி வெட்டுவது என்பது நம் இஷ்டம். மற்றதெல்லாம் திருகு முடுக்குகிற வேலை, சின்னப் பிள்ளைகூடச் செய்யும். தலை ஒன்றுதான் நம்முடையது. செய்தவன் பெயரையும் அங்கேதான் எழுதுவார்கள்.

எனக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. என் மச்சினனுக்குத் தெரியும். என் மனைவியின் தம்பி. ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவன் எங்கள் வீட்டுப் பின்னறையில் கட்டிலைப் போட்டு வேர்விட்டுவிட்டான். சாயங்காலம் ஒரு ஹோட்டலில் வாசிப்பான், பகலெல்லாம் தூங்குவான். என் மனைவி அலுவலகத்திலிருந்து வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் அந்த அறை வாசலில் போய் நிற்பாள். அவன் இரண்டு கம்பியைத் தட்டுவான், ஒரு ஜோக் அடிப்பான், இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சாப்பாட்டில் நல்ல பங்கு அவன் தட்டுக்குப் போகும். அதெல்லாம் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தம்பி என்றால் அப்படித்தான்.

என் மனைவி என்னைப் பற்றி யாரிடமும் குறை சொன்னதில்லை. அதே சமயம் என்னைப் பார்த்து ஒரு நாளும் வியந்ததும் இல்லை. வீட்டில் ஃபேன் ஓடுகிற மாதிரி நானும் ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பார்வை, சார். அவள் தம்பியைப் பார்க்கிற மாதிரி ஒரு தடவை என்னைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் அந்தப் பெட்டியை வாங்கினேன்.

வேலை எல்லாம் பின்னறையில்தான். அவன் கட்டிலுக்கு எதிரே என் மேஜை. தலையின் வடிவத்தை அட்டையில் வரைந்து வெட்டி, பிடிக்காமல் கிழித்து, மறுபடி வரைந்தேன். கடைசியில் ஒன்று அமைந்தது. ஒரு பக்கம் அலை மாதிரி இறங்கி நுனியில் லேசாகச் சுருளும். வில் ரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தேன். கண்ணாடி கோடு போட்ட இடத்தில் நிற்கும், மரம் நிற்காது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மரத்துக்கு நாரோட்டம் உண்டு. வளைவில் ரம்பம் அந்த ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. நுனியில் ஒரு சில்லு பெயர்ந்து கீழே விழுந்தது. பார்த்தால் எலி கடித்த மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லாமல் பழைய லுங்கியில் சுற்றி மேஜைக்கு அடியில் வைத்தேன். அன்றைக்குக் கடையில் ஒருவரிடமும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த நாள் வீட்டுக்கு வந்தபோது அது கூடத்து மேஜையில் இருந்தது. சில்லு ஒட்டியிருந்தது. ஒட்டு எங்கே என்று என் கண்ணுக்கே தெரியவில்லை. என் அலையை எடுத்துவிட்டு மச்சினன் வேறு வளைவு போட்டிருந்தான், தப்பாகப் போன ரம்பக்கோட்டையே வளைவாக மாற்றி. முழுக்கத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசி, அதன் மேல் கறுப்பு மையில் என் பெயரை எழுதியிருந்தான். என் பெயரை, சார்.

"ஏங்க, இது நீங்க பண்ணதா?" என்று கேட்டாள் என் மனைவி. "இத்தனை வருஷம் இந்தக் கையை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

அவள் பார்த்தாள். நான் கேட்ட அதே பார்வை. அவளுக்குப் பின்னால் கதவில் சாய்ந்துகொண்டு என் மச்சினன் கண்ணடித்தான்.

நான் தலையாட்டினேன். என் பக்கம் தப்பு என்று ஒன்று உண்டென்றால் அந்தத் தலையாட்டல்தான். அந்த ஒரு நொடியில் இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். அடுத்த நொடியில் அது பொய்யாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களை அழைத்துக் காட்டினாள். அலுவலகத் தோழிக்கு போட்டோ அனுப்பினாள். "எங்க வீட்டுக்காரர் செஞ்சது" என்று ஃபோனில் சொல்வது அடுத்த அறையிலிருந்து கேட்கும். அந்தப் பார்வை தினமும் வந்தது. ஒவ்வொரு தடவையும் அது அவன் வேலைக்குக் கிடைத்தது, என் முகத்தின் மேல் விழுந்தது, அவ்வளவுதான்.

"கவலைப்படாதீங்க மாமா, இது நம்ம ரெண்டு பேரோட இருக்கும்" என்றான். நல்லவன்தான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டி வெளியே அனுப்பியிருப்பேன். உதவி செய்தவனை எப்படித் திட்டுவது? அன்றைக்கே மனதுக்குள் கறுவிக்கொண்டேன். அவன் கையால் எனக்கு வந்ததை அவன் கையிலேயே தீர்க்க வேண்டும் என்று.

ஆளிவிதை எண்ணெயில் ஒரு விஷயம் உண்டு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. காயும்போது தானாகவே சூடாகும். விரித்துக் காயப்போட்டால் சூடு காற்றோடு போய்விடும். பந்தாகக் கிடந்தால் உள்ளேயே சேர்ந்து, யாரும் தீக்குச்சி கிழிக்காமலே பற்றிக்கொள்ளும். எண்ணெய் டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறார்கள். மச்சினனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவன் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு முறையும் பின்பக்கக் கொடியில் துணிகளை விரித்துக் கிளிப் போடுவான். விளையாட்டுப்பிள்ளை, ஆனால் வேலையில் சுத்தம்.

அன்று காலையில் சொன்னேன், "மாப்ள, கடைசிப் பூச்சு ஒண்ணு பாக்கி. கழுத்துக்கும் சேத்து நீயே பூசிடேன். உன் கைதான் அதுக்குச் சரி."

முகம் மலர்ந்துபோனான். "இதுக்கா மாமா இவ்வளவு தயங்குனீங்க?"

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்தேன். மனைவி அலுவலகத்தில். அவன் பூசி முடித்து, கிடார்க் கழுத்தைத் தலையோடு சுவரோரம் காயவைத்து, துணிகளைக் கொடியில் வரிசையாகப் போட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நான் துணிகளைக் கொடியிலிருந்து உருவினேன். இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டேன். சுருட்டி, கிடார் வந்த அட்டைப்பெட்டியில் மரத்தூளோடு வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போடவில்லை. தயவுசெய்து அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் கொலைகாரன் இல்லை.

கடைக்குத் திரும்பி ஒரு டீச்சரம்மாவின் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்தேன். அப்படியே போய் உட்கார்ந்தது. ஃபோன் வந்தபோது அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் புகையில் இருமிக்கொண்டு வெளியே வந்துவிட்டான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். முடி கருகியிருந்ததே தவிர உடம்பில் ஒரு காயமில்லை. பிறகு எதையோ நினைத்துக்கொண்டவன் மாதிரி மறுபடி உள்ளே ஓடியிருக்கிறான். இவர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார், சட்டைதான் கிழிந்தது. திரும்பி வந்தபோது இரண்டு கையாலும் இதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தானாம். எண்ணெய் ஊறிய கிடார்க் கழுத்து எரிந்துகொண்டிருந்தது. அவன் விடவில்லை. அதனால்தான் தலை மட்டும் தப்பியது. அவனைத் திரும்பப் போகச் சொன்னது நானில்லை.

விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. பிரித்தாலும் முன்மாதிரி மடங்காது, கம்பியைத் தொட்டால் தெரியாது என்று டாக்டர் சொன்னார். தினமும் நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் அவனுக்குக் கரண்டியால் ஊட்டிவிடுகிறேன். நர்சுகள் என்னை அண்ணன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"மாமா, கொடியில போட்டேன்னுதான் ஞாபகம்" என்றான் முதல் நாள். "ஒவ்வொண்ணா கிளிப் போட்டேன்."

"தூக்கக் கலக்கத்துல இருந்திருப்ப. விடு."

இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் வாயைத் துடைத்துவிடும்போது அழுதான். "நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. நான்தான் மாமா சுருட்டிப் போட்டிருக்கேன். உங்க பேர் எழுதுனதையாவது காப்பாத்தணும்னு போனேன்."

நான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

அத்தோடு முடிந்திருக்கலாம். தீயணைப்புக்காரர்களும் உங்கள் ஸ்டேஷன் ஆட்களும் வந்து பார்த்து, அறையில் தங்கியிருந்தவரின் கவனக்குறைவு என்று அவன் பெயரைப் போட்டு அறிக்கை எழுதிவிட்டீர்கள். கொடியில் கிளிப்புகள் துணி இல்லாமல் வரிசையாக நின்றன, சார். வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தேன். ஒருவர்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. எனக்கு உண்மையிலேயே ஏமாற்றமாகிவிட்டது.

நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி சொன்னாள், "தப்பு அவன் பேர்லதாங்க. ஆனா உங்களுக்காக நெருப்புல போய் நின்னான் பாருங்க, அவனை மாதிரி யாரு செய்வா?" சொல்லும்போது கண்ணாடித் தடுப்பு வழியாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே பார்வை. பழைய இடத்துக்கே போய்விட்டது.

மனசாட்சி உறுத்தி நான் இங்கே வரவில்லை. தூக்கம் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா? அவன் வேலையின் மேல் என் பெயர் இருந்தபோது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது என் வேலையின் மேல் அவன் பெயர் இருக்கிறது. பொருத்தம் பார்த்து, நாள் பார்த்து, ஒரு கீறல் வெளியே தெரியாமல் நான் செய்த வேலை அது. யாரும் வந்து திருத்தவில்லை, யாரும் கை கொடுக்கவில்லை. முதலிலிருந்து கடைசிவரை முழுக்க என் கையால் செய்தது என்று என் வாழ்க்கையில் அது ஒன்றுதான் இருக்கிறது. என் மனைவிக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டாள்.

அறிக்கையில் அவன் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள், சார். எழுத்தில் சந்தேகம் இருந்தால் அந்தப் பையிலிருக்கும் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் அழகாகத்தான் எழுதியிருக்கிறான்.