செல்வத்துக்கு ஆபத்தில்லாத வீடு

நாய் வளர்க்கிற வீட்டில் முதலில் தரையைப் பார்க்கவேண்டும் அம்மா. வழவழப்பான தரையில் அதற்குக் கால் நிற்காது, இடுப்பு போய்விடும். அதனால்தான் வாசலிலிருந்து சமையலறை வரை ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறேன். பார்த்து வாருங்கள், ஓரம் தடுக்கும். அந்த நாற்காலி வேண்டாம், சீருடையில் முடி ஒட்டிக்கொள்ளும். இதில் உட்காருங்கள்.

கணவர் போனபின் இந்த வீட்டில் நானும் அவருடைய அக்காவும்தான். முப்பத்தோரு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். அக்காவுக்கு ஆஸ்துமா. ஆனால் பேச்சுக்கு மட்டும் மூச்சு வாங்காது. நான் நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கிய அன்று, அக்கம்பக்கத்தார் நிற்கும்போதே சொன்னார்: "இந்த வீட்டுல தொட்டில்தான் ஆடல. வாலாவது ஆடட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செல்வம் என்று பெயர் வைத்தேன். அவர் வேண்டுமென்றே துரை என்று கூப்பிட்டார். "துரை எந்திரிச்சாச்சா? துரைக்கு பிஸ்கட் வேணுமாமே?" நாய் எந்தப் பெயருக்குத் திரும்பியது என்று கேட்காதீர்கள். பிஸ்கட்டுக்கு எந்த நாயும் திரும்பும். அது அக்காவின் கட்டிலுக்கடியில் படுத்ததும் அங்கே காற்று நன்றாக வந்ததால்தான்.

நாய் டாக்டர் தங்கமான மனிதர். செய்யவேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மின்சார ஒயர்களைக் குழாய்க்குள் விட்டேன். வெங்காயக் கூடையை மேலே ஏற்றினேன். குப்பைத்தொட்டிக்கு மூடி வாங்கினேன். கிளம்பும்போது அவர் கேட்டார்: "வீட்ல யாராவது இன்ஹேலர் வெச்சிருக்காங்களாம்மா? கைக்கெட்டுற இடத்துல போடாதீங்க. இது கடிச்சு ஓட்டை போட்டுச்சுன்னா மொத்த மருந்தும் ஒரே மூச்சுல உள்ள போயிடும். இதயம் தாங்காது."

அன்றைக்கே அக்காவின் தலையணைக்கடியில் இருந்ததையும், புதிதாக வாங்கி வைத்திருந்ததையும் ஒரு தகர டப்பாவில் போட்டுப் பீரோ மேல் வைத்தேன். அக்கா குள்ளம், முழங்கால் வேறு மடங்காது. நாய் ஏறி விழுந்துவிடுமே என்று முக்காலியைப் பின்பக்க அறையில் வைத்துப் பூட்டினேன்.

"ஏண்டி, என் உசுரக் கொண்டுபோய் உச்சாணியில வெச்சுட்டியா?"

"கூப்பிடுங்கக்கா. ஓடி வந்து எடுத்துத் தரேன்."

"நீ ஓடி வந்து நான் எப்ப பாத்திருக்கேன்?"

ஒரு முறை எதிர்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டு இறக்கி வைத்துக்கொண்டார். அக்கா குளிக்கப் போனதும் நான் திரும்ப ஏற்றிவிட்டேன். டாக்டர் சொன்னதை மீற முடியுமா?

முதல்முறை மூச்சு முட்டியபோது உடனே எடுத்துக் கொடுத்தேன். அடுத்த முறை துணியைப் பிழிந்து உதறிவிட்டுப் போனேன். அதற்கடுத்த முறை செல்வத்துக்கு முடி சீவிக்கொண்டிருந்தேன். வால் வரை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஒவ்வொரு முறையும் பிழைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் தாங்குவார் என்பது எனக்குப் பழகிப்போனது.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு அவரால் கூப்பிட முடியவில்லை. கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டினார். செல்வம் என்னிடம் ஓடி வந்து கையைக் கவ்வி இழுத்தது. இதோ பாருங்கள், பல் பதிந்திருக்கிறது. கடிக்கவில்லை. அது கடிக்கிற நாயே இல்லை.

பெருஞ்சத்தம் கேட்டால் நாய் மிரளும், அமைதியான அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தி மெல்ல ரேடியோ வைக்கவேண்டும் என்று அந்தத் தாளில் இருக்கிறது. அப்படியே செய்தேன். கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துப்போய், உள்ளே தாழ் போட்டு, நிகழ்ச்சி முடிகிறவரை தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அது கதவைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. பாவம், அவ்வளவு பயம்.

தட்டுகிற சத்தம் நின்று வெகுநேரம் ஆனபிறகு கதவைத் திறந்தேன். டப்பாவை இறக்கி, இன்ஹேலரை அக்காவின் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டு, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். இன்ஹேலரின் மூடியைக் கழற்றத் தோன்றவில்லை. நீங்கள் வந்ததும் அதைத்தான் பார்த்தீர்கள். கெட்டிக்காரி அம்மா நீங்கள்.

ஆமாம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நாய்க்காகச் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தம்மா இருந்தவரை அதற்குத் தன் பெயர் எதுவென்றே தெரியாமல் போயிற்று.

செல்வம் நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. அந்தக் கட்டிலுக்கடியிலேயே கிடக்கிறது. காலையில் ஒரே ஒரு தடவை, அவர் குரலில் துரை என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பாய்ந்து வந்தது. என் முகத்தைப் பார்த்தது. திரும்பிப் போய்விட்டது. இரண்டு நாளில் பழகிவிடும்.

வாருங்கள், போகலாம். செருப்பு அந்தக் கட்டில் பக்கம் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். என்ன, என்னைப் பார்த்து உறுமுகிறதா? இல்லை அம்மா, பின்னால் நிற்கிற உங்களைப் பார்த்து உறுமுகிறது. புது ஆள்களைக் கண்டால் அது அப்படித்தான்.