ஆர்.சி. புக்கு யாரு பேர்ல?

அலோ... அலோ... ஆமாங்க, தர்மபுரிதான். கண்ணு தெரியாதவங்க இல்லம்தான். ராணியம்மாள் பேசறேன்... கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, ஒரே இரைச்சலா இருக்குது... பாலக்கோடு தக்காளி மண்டியில இருந்தா? அதான் ஏலச் சத்தம்... பேரு?... தர்மன். சரி. கரும்பு வெள்ளாமை, போன் பண்ணத்தான் மண்டிக்கு வந்தீங்க. சரிங்க, சரிங்க... என்னாது?... காரா?... எங்களுக்கா?... சும்மாவா?

இல்ல, சந்தோசந்தாங்க. அரிசி குடுப்பாங்க, பழைய துணி குடுப்பாங்க. போன தீவாளிக்கு ஒருத்தரு கட்டில் குடுத்தாரு. காரு இதுவரைக்கும் யாரும் குடுத்ததில்ல... அம்பாசிடரா. எந்த வருசம்?... எழுபத்தொம்பது. ஏழு வருசந்தான் ஆவுது. அப்பறம் ஏன் சும்மா நிக்குது?... ஓட்ட ஆளில்லியா? பாலக்கோட்டுல டிரைவருக்கா பஞ்சம்?

யாரையாச்சும் இடிச்சிட்டு, கேஸு கீஸுன்னு... கோவிச்சுக்காதீங்க. கேக்கணுமில்ல. ரெண்டு வருசம் முன்னாடி ஒரு புண்ணியவான் தையல் மிஷின் நாலு குடுத்தாரு. மறு வாரமே போலீசு வந்து தூக்கிட்டுப் போச்சு. திருட்டு மிஷினு.

என்னாது?... கண்ணு தெரியறவங்க யாராச்சும் இருந்தா போனை அவங்ககிட்டக் குடுக்கணுமா?... ஏன், நான் கேட்டா ஆவாதா? ஆமாங்க, எனக்கும் தெரியாதுதான். பன்னெண்டு வயசுல போச்சு. ஆபீசுக்கு நான்தான் பொறுப்பு. எங்கிட்டயே சொல்லுங்க.

ஆர்.சி. புக்கு யாரு பேர்ல இருக்குது?... மாது. மாது யாரு?... தம்பியா. கூடப் பொறந்த தம்பி. அப்ப, தம்பி வண்டிய அண்ணன் தர்மத்துக்குக் குடுக்கறீங்க... ம்... ம்... காலைலயே கையெழுத்து வாங்கியாச்சுங்கறீங்க. நான் அதக் கேக்கலீங்க. அவருக்குச் சம்மதமான்னு கேக்கறேன்... சுத்தி வளைக்காதீங்க. இவ்வளவு நேரமா நீங்களே பேசறீங்க, வண்டிக்காரரு ஏன் பேசல?

என்னாது?... திரும்பச் சொல்லுங்க... கண்ணா?... ரெண்டுமா?... எப்போ?... போன தையில. கெணறு வெட்டறப்ப... பாறைக்கு வெச்ச வெடி. ம்... வெடிக்கலியேன்னு எட்டிப் பாத்தாரா... ஐயோ... நீங்கதான் போய்ப் பாருடான்னு அனுப்பினீங்களா... அழாதீங்க. அழாதீங்க தர்மன். நான் கேட்டுட்டுத்தான் இருக்கறேன். மெதுவாச் சொல்லுங்க.

வாடகைக்கு ஓட்டிட்டிருந்தாரா... ம்... விடிஞ்சா வண்டிக்குள்ள போயி உக்காந்துக்கறாரா... சோத்துக்குக்கூட எறங்கறதில்ல... கியரப் போட்டுப் போட்டு... ஆமா... ஆமா... உங்களால அதப் பாத்துட்டு இருக்க முடியல. வண்டி வூட்ட விட்டுப் போயிட்டாத் தேவலைன்னு இருக்குது. கோயிலுக்கோ தர்மத்துக்கோ போச்சுன்னா அவரும் ஒண்ணும் சொல்ல முடியாது. அதான?

சரி. இன்னும் ஒண்ணே ஒண்ணு. கையெழுத்து வாங்கறப்ப என்னா பேப்பருன்னு அவருகிட்டச் சொன்னீங்க?... உதவித்தொகை மனுவா. ம்.

நான் போனை வெக்கறேங்க... இல்ல, நீங்க நல்லதுக்குத்தான் பண்ணுவீங்க, இருக்கட்டும். எங்க மாமனும் ஸ்கூல்ல சேக்கற பேப்பருன்னு சொல்லித்தான் எங்கிட்ட ரேகை வாங்கினாரு. ரெண்டு ஏக்கரா நெலம் போச்சு. இன்னிக்கும் அந்த ஆளு கொரலு எங்கியாச்சும் கேட்டுதுன்னா எனக்கு வவுறு எரியும். உங்க கொரலு உங்க தம்பிக்கு அப்படி ஆவணுமா?... அப்ப நீங்களே அவருகிட்டச் சொல்லிடுங்க... பயமா? பயமாத்தான் இருக்கும்.

அவரு இப்ப எங்க?... அங்கியே வெளிய பெஞ்சுல இருக்காரா? கூப்பிடுங்க... கூப்பிடுங்கங்கறேன்... ஆபரேட்டர், ஆபரேட்டர், கட் பண்ணிடாதீங்க. இன்னொரு மூணு நிமிசம் போட்டுக்கங்க. தர்மன், போன் காசு உங்களுது, சரின்னு சொல்லுங்க அவங்ககிட்ட... ம். போயிக் கூட்டிட்டு வாங்க.

அலோ... மாதுங்களா? நான் ராணியம்மாள், தர்மபுரியில கண்ணு தெரியாதவங்க இல்லத்துல... இல்ல, தம்பி. உங்கள இங்க சேக்கறதுக்கு இல்ல... நம்ப மாட்டீங்களா? நம்பாதீங்க. நானும் லேசுல யாரயும் நம்பறதில்ல. ஆனா இதக் கேட்டுக்கங்க. காலைல கையெழுத்துப் போட்டீங்களே, அது உதவித்தொகைக்கு இல்ல. உங்க வண்டிய எங்களுக்குக் குடுக்கற பேப்பரு... ஆமா... ஆமா, அந்த அம்பாசிடருதான்.

தம்பி... தம்பி... போனைக் கீழ போட்டுடாதீங்க... திட்டுங்க. திட்டி முடிங்க. நான் இருக்கறேன்...

...

தம்பி, என்ன ஆச்சு?... கிழிச்சாச்சா? யாரு?... அண்ணனேவா. துண்டக் கையில வாங்கிக்கிட்டீங்களா?... எத்தன?... அதே பேப்பருதானான்னு எப்படித் தெரியும்? மண்டிக்காரருகிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. அண்ணன் படிக்க வேணாம்... படிச்சாரா?... வண்டி நம்பரு சரியா வந்துச்சா?... சரி. இப்ப வுடுங்க.

எங்களுக்கு வேணாம் உங்க வண்டி. நாப்பது பேருக்குச் சோறு போடவே முட்டி மோதறோம், பெட்ரோலுக்கு எங்க போறது... உங்களுதுதான். நீங்களே வெச்சுக்கங்க... அண்ணன் என்ன பண்றாரு?... உக்காந்துட்டாரா... தண்ணி குடுக்கச் சொல்லுங்க யாரையாச்சும்.

தம்பி, வர்ற புதன்கெழமை இப்படி வந்துட்டுப் போங்க... தங்க வேணாம், தங்க வேணாம். தீர்த்தம்மாள்னு ஒரு அம்மா இங்க கோலு புடிச்சு நடக்கச் சொல்லிக் குடுக்கறாங்க. ஒரு நாள் பாருங்க, புடிக்கலைன்னா அன்னிக்கே கெளம்பிடுங்க... பஸ்ல யாரு வரச் சொன்னாங்க? உங்க வண்டியிலயே வாங்க. ஓட்டறதுக்கு ஒருத்தர வெச்சுட்டு, முன்னாடி சீட்டுல உக்காருங்க. தப்பா ஓட்டினா நீங்கதான் சொல்லணும்... கிளச்ச ஒடச்சுடுவானா? அப்ப நல்ல ஆளாப் பாத்து நீங்களே புடிங்க...

என்னாது?... பேட்டரி எறங்கிடுச்சா?... அதுக்கென்ன, உங்க அண்ணனத் தள்ளச் சொல்லுங்க... சிரிக்கறீங்களா?... நெசமாத்தான் சொல்றேன். நல்லா மூச்சு வாங்கத் தள்ளட்டும்... ஆமா, உங்க வூட்டுக் களத்துலயே. ரெண்டாவது கியருல போட்டு உக்காருங்க. கிளச்ச எப்ப விடணும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா... அலோ?... அலோ... ஆபரேட்டர்?... அலோ...