குள்ளியின் பிரேக் சத்தம்

உங்கள் மின்விசிறியில் பேரிங் தேய்ந்திருக்கிறது சார். மூன்று சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்கிறது. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். பழகிவிட்டால் காது அதைத் தள்ளிவிடும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இருபது வருடமாகக் காது மெஷின் விற்கும் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று காகிதத்தில் கோடு போட்டுக் காட்டுவதுதான் என் பிழைப்பு. எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை.

கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். அதில் இருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. எந்த வண்டியைப் புதிதாகச் சேர்க்கலாம் என்று ஓட்டுகிறவர்களே முன்மொழியலாம். அதற்கென்று இணையத்தில் தனிப் பக்கம் உண்டு. அளவுகள், படங்கள், ஒலிப்பதிவுகள் எல்லாம் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் ஓட்டுப் போட வேண்டும். நான் நம் ஊர் டிராமை முன்மொழிந்தேன். பச்சை வண்டி, நான்கே சக்கரம், மரப் பலகை இருக்கை, ஊரே குள்ளி என்று கூப்பிடுகிற அதே வண்டிதான்.

என் மனைவி கேலி செய்தாள். “ஏங்க, தெருமுனைல நின்னா நிஜக் குள்ளியே வந்து ஏத்திக்கிட்டுப் போகுது. வீட்டுக்குள்ள உக்காந்து பொய்க் குள்ளி எதுக்கு?” நியாயமான கேள்விதான். ஆசை என்று வந்துவிட்டால் அதற்கெல்லாம் பதில் இருக்காது.

உதவிக்கு வந்தவர் மாமா, அதாவது என் மனைவியின் அப்பா. அத்தை போன பிறகு எங்களோடுதான் இருந்தார். மனிதருக்குப் பொழுது போகவில்லை. அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பு என்றால் செருப்பைத் தேடும் ஆள். இரண்டு பேருமாகக் குள்ளியை அங்குலம் அங்குலமாக அளந்தோம். படிக்கட்டின் உயரம், கைப்பிடியின் தடிமன், மணியின் விட்டம், ஒன்றையும் விடவில்லை. ஒருநாள் சன்னல் அகலத்தை அளக்கிறேன் என்று ஓர் அம்மாளின் கொண்டை வரைக்கும் டேப்பை நீட்டிவிட்டார். அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் வண்டியே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எனக்கு மாமாவை ரொம்பப் பிடிக்கும் சார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஓட்டுகள் மளமளவென்று விழுந்தன. விளையாட்டை நடத்தும் கம்பெனி கேட்ட எண்ணிக்கையைத் தாண்டியாயிற்று. அப்போதுதான் சம்மட்டி வந்தார். அந்த இணையப் பக்கத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் அது. யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. எவன் எதை முன்மொழிந்தாலும் ஓங்கி ஒரு போடு போடாமல் விடமாட்டார். ஆனால் சொன்னால் சரியாகத்தான் சொல்வார். “வேலை பிரமாதம். ஆனா அவசர பிரேக் சத்தம் எங்க? ஆளுங்க நெறைஞ்ச வண்டில அது வேற மாதிரி கேக்கும். அது இல்லாம என்ன டிராம் இது, பொம்மையா?” என்று எழுதியிருந்தார். கம்பெனியும் அதைப் பிடித்துக்கொண்டது. மாதக் கடைசிக்குள் அந்தச் சத்தம் வராவிட்டால் முன்மொழிவு தள்ளுபடி. இன்னொரு ஊரின் நீள டிராம் ஒன்று வரிசையில் எனக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்தது.

முறையாகத்தான் ஆரம்பித்தேன். டிரைவரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர், சிரித்துவிட்டார். “அவசர பிரேக்கை ஆசைக்கு இழுத்தா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க அண்ணே. குறுக்க ஏதாவது வந்தாதான் கை வைப்பேன்” என்றார்.

எனவே குறுக்கே ஏதாவது வைத்துப் பார்த்தேன். ஓர் அட்டைப்பெட்டி வைத்தேன். மணி அடித்துக்கொண்டே அதை நசுக்கிவிட்டுப் போனார். பழைய குடை ஒன்றை விரித்து வைத்தேன். காற்று அதை வாரிக்கொண்டு போய்விட்டது. ஒரு நாற்காலியைக் கொண்டுபோனேன்; டிராம் வருவதற்குள் யாரோ நல்ல நாற்காலி என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பொருள்களுக்காக யாரும் அவசர பிரேக் போடுவதில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. நானே குறுக்கே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதையும் யோசித்தேன். ஆனால் ரெக்கார்டரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. சத்தம் கூடினால் குறைக்க வேண்டும், குறைந்தால் கூட்ட வேண்டும். மாமாவுக்கு அந்த நுணுக்கம் வராது.

ரொட்டிக்கடை முனையைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே தண்டவாளம் திரும்புகிறது. நான் நிற்கிற பக்கத்திலிருந்து வண்டி வருவது தூரத்திலேயே தெரியும். எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு, கடையின் சுவர் மறைப்பதால், முனை திரும்பின பிறகுதான் தெரியும். காலை ஆறு பத்து வண்டி. ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருவார்கள். தெருவில் வேறு இரைச்சல் இருக்காது. ஒலிப்பதிவுக்கு அதைவிட நல்ல இடமும் நேரமும் கிடைக்காது.

மாமாவின் கையில் கம்பியில்லாத மைக் ஒன்றைக் கொடுத்து எதிர்ப்பக்கம் நிறுத்தினேன்; இன்னொன்று என்னிடம் இருந்தது. காது மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் வைக்கச் சொன்னேன். அது சில நேரம் கீச்சென்று விசிலடிக்கும், பதிவு கெட்டுவிடும். அந்த மெஷினை அவருக்குப் பொருத்தியவன் நான்தான். அது இல்லாமல் அவருக்கு என்ன கேட்கும், என்ன கேட்காது என்று நான் போட்ட கோடு கடை அலமாரியில் இருக்கிறது. குள்ளியின் மணி கேட்காது. “வண்டி இன்னிக்கு லேட்டு மாமா. மைக்கை எங்க வைக்கலாம்னு பாத்துக்கிட்டிருக்கேன். கை காட்டினா இந்தப் பக்கம் வந்துடுங்க” என்று காதருகே போய் உரக்கச் சொன்னேன். “சரி மாப்ள” என்றார்.

மற்றது உங்களுக்குத் தெரியும். வந்தார்.

சத்தத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு சீறல், பிறகு நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டு இழுபடுகிற அலறல், அதன் அடியில் மரப் பலகைகளின் முனகல், உள்ளே இருந்தவர்கள் மொத்தமாக முன்னால் சரிகிற தொம்மென்ற ஓசை. பதினொரு விநாடி. ஒரு பிசிறில்லை. சம்மட்டி சொன்னது சரிதான், நிறைந்த வண்டியில் அது வேறு மாதிரிதான் கேட்கிறது.

அப்புறம் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். மாமாவின் காரியங்களை ஒரு குறையும் இல்லாமல் முடித்தேன். டிரைவர் வேலைக்கே போகவில்லை என்று கேள்விப்பட்டு அவர் வீட்டுக்கே போனேன். “உங்க மேல தப்பே இல்லைங்க, பிரேக் ரொம்ப நல்லாப் பிடிச்சுது” என்று ஆறுதல் சொன்னேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். என் மனைவி மட்டும் ஒருநாள், “அப்பா எதுக்குங்க மெஷினைக் கழட்டினாரு? தூங்கும்போதுகூடக் கழட்ட மாட்டாரே” என்றாள். விசிலடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்றேன். பொய்யில்லை, விசிலடிக்கத்தான் செய்யும்.

பிரேக் சத்தத்தைச் சேர்த்து முன்மொழிவை மறுபடி அனுப்பினேன். அங்கே இரண்டு விதிகள் உண்டு. ஒலிப்பதிவை வெட்டாமல், ஒட்டாமல், பதிவான முழு நீளத்துக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்த பதிவைப் பற்றி யார் சந்தேகம் கேட்டாலும் மூன்று நாளைக்குள் உள்ளபடி பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முன்மொழிவு நின்றுவிடும். அரைகுறையாக எதையும் செய்வது என் வழக்கமில்லை. முழுப் பதிவையும் கொடுத்தேன்.

பாராட்டுக் குவிந்தது. சம்மட்டியே “அசத்திட்டீங்க” என்று எழுதினார். மறுநாள் அவரே ஒரு கேள்வியும் கேட்டார். “முப்பத்தொன்பதாவது விநாடில ஒரு பெரியவர் குரல் கேக்குது. ‘இப்ப வரட்டுமா மாப்ள?’ங்கறார். யாரும் பதில் சொல்லல. நாற்பத்து மூணுல ‘சரி, வர்றேன்’ங்கறார். அடுத்த விநாடி பிரேக். அவர் யாருக்குங்க ‘சரி’ன்னு சொல்றார்?”

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் கெடு. இத்தனை பாடுபட்டு, ஒரு வரிப் பதில் இல்லாமல் குள்ளி வெளியே நிற்பதா? “எனக்குத்தான். கை காட்டினேன்” என்று எழுதினேன். சம்மட்டி மறு கேள்வி கேட்கவில்லை. நேராக உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதிவிட்டார் போலிருக்கிறது. கறாரான ஆள், தப்புச் சொல்ல மாட்டேன்.

மோதும் என்று தெரிந்தேதான் கை காட்டினாயா என்று காலையிலிருந்து நான்கு தடவை கேட்டுவிட்டீர்கள். தெரியாது என்றால் நான் கொடுத்த அளவு அட்டவணை பொய்யாகிவிடும் சார். ஆள் நிறைந்த குள்ளி நிற்பதற்கு முப்பத்தொரு மீட்டர் வேண்டும் என்று முன்மொழிவில் நானே எழுதியிருக்கிறேன். ரொட்டிக்கடை முனையிலிருந்து மாமா நின்ற இடம் இருபத்திரண்டு மீட்டர். முந்தின நாள் அளந்தோம். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். ஆகவே, தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவருக்குக் கெடுதல் நினைத்தேன் என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன். எனக்கு வேண்டியிருந்தது சத்தம் மட்டும்தான்.

அளவில் சந்தேகம் இருந்தால் சொல்லுங்கள், நாளைக் காலை ஆறு பத்து வண்டியிலேயே மறுபடி அளந்து காட்டிவிடலாம். எதிர்ப்பக்கம் நிற்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். என் மனைவியை வரச் சொல்லுங்கள். இப்போது என்னோடு பேசுவதில்லை. இருந்தாலும் பரவாயில்லை, நான் கை காட்டினால் அவளும் வருவாள்.