கைதட்டலில் போன வரி

சிரா: உட்காருன்னு சொல்ல நீ யாருய்யா? இது அரசியல் சட்டம் எழுதற சபையா, மீன் சந்தையா...

பகாரி: கத்தாதே சிரா, டீக்கு வந்தவங்கள்லாம் திரும்பி—

சிரா: பார்க்கட்டும்! பேச எழுந்தவளை, "உட்காருடி காராமணி தின்னி"ன்னு...

பகாரி: நீ ஜாரா குலம், நான் த்ராவோரே குலம். கிண்டல் பண்றது என் உரிமை, கோபப்படாம இருக்கறது உன் கடமை. பாட்டன் காலத்துலேர்ந்து அப்படித்தானே?

சிரா: அதெல்லாம் கல்யாண வீட்டுல! பட்டாளம் ஆட்சியைப் பிடிச்சு, நாட்டுக்கே புதுச் சட்டம் எழுதச் சொல்லியிருக்கற இடத்துலயா? காராமணிக்குன்னே தனிப் பானை வச்சிருக்கற குடும்பம், நீ என்னைச் சொல்றியா?

பகாரி: ஹா... இப்பத்தான் பழைய சிரா. சபையே சிரிச்சுதுல்ல?

சிரா: சிரிச்சு, கையும் தட்டிச்சு. அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டுத் தலைவர் சுத்தியலைத் தட்டிட்டார்.

பகாரி: இரு, இரு... எதுக்குச் சம்மதம்?

சிரா: "ஆட்சியைப் பிடிச்ச தளபதி தேர்தல்ல நிக்கக் கூடாது"ன்னு ஒரு வரி இருந்துதே. அதை எடுக்கறதுக்கு. எடுத்தாச்சு.

பகாரி: அப்போ... ஓட்டு?

சிரா: அதான் ஓட்டு.

பகாரி: நான் காராமணிக்குல்ல தட்டினேன்!

சிரா: எல்லாருமே அதுக்குத்தான் தட்டினாங்க.

பகாரி: ஐயோ... கை தூக்கச் சொல்வாங்க, அப்போ எதிர்த்துத் தூக்கலாம்னு... எனக்கு ஒண்ணும் புரியலையே.

சிரா: எனக்கு மட்டும்?

பகாரி: சரி, சொல்லிடறேன். அது கிண்டல் இல்ல, சிரா. வாசல்ல பட்டாளத்து ஜீப் நின்னுதே, பார்த்தே இல்ல?

சிரா: பார்த்தேன்.

பகாரி: உன் பையன் லாசினாவை ஏற்கெனவே முகாம்ல வச்சிருக்காங்க. தளபதிக்கு எதிரா நீ வாயைத் திறந்திருந்தா உன்னையும் ஏத்திக்கிட்டுப் போயிருப்பாங்க. வேற எப்படி உன்னை உட்கார வைக்கறது?

சிரா: அடப்பாவி... அதுக்காகவா?

பகாரி: என்னடி, அழறியா? காராமணி தின்னி அழுதா வயிறு உப்பும்...

சிரா: எதிராப் பேசத்தான் எழுந்தேன்னு உனக்கு யார் சொன்னா?

பகாரி: நேத்து ராத்திரி வரைக்கும் நீதானே...

சிரா: அது நேத்து. இன்னிக்குக் காலையில அந்த ஜீப்புக்குள்ள லாசினா உட்கார்ந்திருந்தான், பகாரி. "அந்த வரி வேண்டாம்"னு என் வாயால, எல்லார் முன்னாடியும் சொன்னா இறக்கி விடறோம்னாங்க... நான் சொல்லாமலே காரியம் முடிஞ்சுது. அவனை இறக்காமலே ஜீப்பைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க.